அம்பாசடர் இரும்பு, ஸ்விஃப்ட் தகரமா?

செங்கோட்டைல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். குற்றாலம் சீசன், ஐயப்ப சீசன் ரெண்டுலயும் புளியரை, ஆரியங்காவு பக்கம் அடிபட்ட வண்டிங்க நம்மகிட்டதான் வந்து இறங்கும். இறங்குன உடனே வேடிக்கை பாக்குற யாராவது ஒருத்தர் சொல்லிடுவாரு, "பாத்தீங்களா அண்ணாச்சி, இந்தக் காலத்து வண்டி வெறும் தகரம், இதே அம்பாசடரா இருந்தா ஒரு சொட்டை விழுந்திருக்குமா?"னு. சொட்டை கம்மியாதான் விழும், ஆனா உள்ள உக்காந்திருக்கவரு என்ன ஆவாருன்னு யாரும் கேக்கமாட்டேங்குறாங்க.

ஓடுற வண்டி சட்டுனு நின்னா அந்த வேகம் எங்கயாவது இறங்கித்தான் ஆகணும். ஸ்விஃப்ட்ல பம்பரக் கழட்டிப் பாருங்க, ரெண்டு பக்கமும் பெட்டி மாதிரி நீளமா மெம்பர் போகும், மோதுனா நம்மள நோக்கி வராம அங்கயே மடிஞ்சு சுருங்குற மாதிரி அத செஞ்சிருப்பாங்க, அது சுருங்குற கண்ணிமைக்குற நேரத்துலதான் பெல்ட் இழுத்துப் பிடிக்கும், ஏர்பேக் விரியும். முன்பக்கம் அப்பளமா நொறுங்கிக் கிடந்தும் டோர் சாதாரணமா திறந்துச்சுன்னா வண்டி அதோட வேலைய ஒழுங்கா செஞ்சிருக்குன்னு அர்த்தம்.

அம்பாசடர் 1950கள்ல வந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு டிசைன். 2014ல மேற்கு வங்கத்துல இருக்க உத்தர்பாரா ஃபேக்டரில உற்பத்திய நிறுத்துற வரைக்கும் அடிப்படை பாடி அதேதான். பழைய மாடல்ல ஸ்டியரிங் ராடு மடங்காது, முன்னாடி பலமா இடிச்சா நேரா டிரைவர் நெஞ்சுக்குத்தான் வரும். பின் சீட்டு சொகுசுக்கும், வழில நின்னா ஒரு ஸ்பேனர வச்சே சரி பண்ணிக்கிறதுக்கும் அத அடிச்சுக்க ஆளில்ல, எனக்கே அந்த வண்டிமேல ஒரு பிரியம் உண்டு, ஆனா அது வேற கணக்கு.

மலை இறக்கத்துல இன்னும் கவனமா இருக்கணும். பழைய அம்பாசடர்ல நாலு வீல்லயும் டிரம் பிரேக்குதான். கோட்டைவாசல்ல இருந்து எஸ் வளைவு வழியா இறங்கும்போது மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம் சூடாகி விரியும், பெடல் கீழ போய்க்கிட்டே இருக்கும், பிடி இருக்காது. புது வண்டில முன்னாடி டிஸ்க், ஏபிஎஸ் எல்லாம் இருக்கு, அதுக்காக நியூட்ரல்ல இறங்கலாம்னு இல்ல, பெட்ரோல் மிச்சம்னு இஞ்சினயே ஆஃப் பண்றவங்களும் இருக்காங்க, ரெண்டு மூணு மிதி மிதிச்சதும், இஞ்சின் ஓடுறப்போ பிரேக் மிதிய லேசாக்கிக் குடுக்குற பூஸ்டர் காலியாகி பிரேக் கல்லாயிரும் சாமி. எந்த வண்டியா இருந்தாலும் செகண்ட் கியர்லயே இறங்குங்க. பிரேக் ஆயில ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ மாத்துங்க, அது ஈரத்த இழுக்கும், சூட்டுல கொதிச்சிரும்.

அப்புறம் இந்த புல்பார். புது வண்டிக்கும் அம்பாசடர் மாதிரி கெத்து வேணும்னு முன்னாடி கம்பி மாட்டுறாங்க. மடியவேண்டிய மெம்பர் சரியா மடியாது, ஏர்பேக் விரியுற நேரமும் தப்பிப்போகலாம், குறுக்க வர்ற ஆளுக்கும் கேடு. 2017லயே மத்திய அரசு இதுமேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியாச்சு, என்கிட்ட வந்தா கழட்டித்தான் விடுவேன்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க பானெட்டத் திறந்து அந்த மெம்பர்ல வெல்டிங் தழும்பு, பட்டி பூசுன தடம் இருக்கான்னு தடவிப் பாருங்க. சாவி போட்டதும் ஏர்பேக் லைட் சில நொடி எரிஞ்சு அணையணும். அணையாம எரிஞ்சாலும் கோளாறுதான், எரியவே இல்லன்னா விரிஞ்ச ஏர்பேக்க மாத்தாம லைட்ட மட்டும் கட் பண்ணியிருக்கலாம், அட்வான்ஸ் கொடுக்காதீங்க.