வெயிலை எந்த நிறத்தில் தீட்டுவது?

வாட்டர்கலர் கற்றுக்கொள்ள வருபவர்கள் காட்டும் படங்களில் தெரு, மரம், வீடு எல்லாம் அச்சு அசலாக இருக்கும். வெயில் மட்டும் இருக்காது. "மஞ்சள் இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா சார்?" என்பார்கள். மஞ்சள் ஏற ஏறச் சுவர் மங்குமே தவிர வெயில் வராது.

உச்சி வெயிலில் திறந்த வெளியில் விழும் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). பக்கத்து வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போனால் சில நூறு லக்ஸ்தான். நம்மிடம் இருப்பதோ ஒரு வெள்ளைக் காகிதமும் கொஞ்சம் பெயின்டும். காகித வெள்ளைக்கும் அடர்ந்த கறுப்புக்கும் இடையே இருபது, முப்பது மடங்கு வித்தியாசம் கிடைத்தாலே அதிகம். ஆகவே வெயில் பட்ட இடத்தைக் காகிதமாகவே விட்டுவிட்டு, நிழலைத் துணிந்து அடர்த்தியாக்க வேண்டும். அந்தத் துணிச்சல்தான் பலருக்கு வருவதில்லை.

செல்போனும் இதில் ஒரு குற்றவாளி. இப்போதைய கேமராக்கள் வானத்தை அடக்கி, நிழலைத் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டுகின்றன. அந்தப் போட்டோவைப் பார்த்து வரைந்தால் படமும் தட்டையாகத்தான் வரும். போட்டோ எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கேயே நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, உள்ளங்கை அளவில் ஒரு பென்சில் ஸ்கெட்ச் போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே டோன் போதும்.

நிழலுக்குக் கறுப்பு டியூபைத் திறக்காதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் விழும் நிழலை உற்றுப் பாருங்கள்: மேல்பாதியில் வானத்தின் நீலம் இருக்கும், தரையை ஒட்டிய பகுதி மண்ணிலிருந்து எகிறும் வெளிச்சத்தால் லேசாகச் சிவந்திருக்கும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறமும் கலந்தால் நல்ல சாம்பல் நிறம் வரும். மேலே நீலத்தைக் கூட்டி, கீழே வர வர சியன்னாவைக் கூட்டி, ஈரம் காய்வதற்குள் ஒரே வாஷில், அதாவது தண்ணீராகக் கரைத்த வண்ணத்தை ஒரே பூச்சாக, இறக்கிவிட வேண்டும். திரும்பத் திரும்பத் தடவினால் சேறாகிவிடும்.

மரத்துக்கு ஒரே பச்சை போதாது. வெயில் பின்னாலிருந்து ஊடுருவும் இலை மஞ்சள் கலந்த பச்சை. வானத்தைப் பார்த்து மினுங்கும் புங்க இலையின் மேல்பரப்பில் நீல வெளுப்பு. மரத்தடியில் சிதறும் வெயில் பொட்டுகளைப் பலர் கோணல்மாணலாக வரைகிறார்கள். அவை பெரும்பாலும் வட்டம் அல்லது நீள்வட்டம். இலைகளுக்கு இடையிலான சின்ன ஓட்டை ஒவ்வொன்றும் ஊசித்துளை கேமரா மாதிரி சூரியனையே தரையில் காட்டுகிறது. 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று அதே பொட்டுகள் பிறை பிறையாக விழுந்தன.

சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அப்போது தெருவில் உட்கார்ந்து வரைவது வீண் வேலை. காலை எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

இரவுக் காட்சிக்கும் இதே கணக்குதான். தெருவிளக்கை வெள்ளைக் காகிதமாக விட்டு, சுற்றிலும் இருட்டை ஏற்றுங்கள். பழைய சோடியம் விளக்கின் கீழ் எல்லாமே ஆரஞ்சாகத் தெரியும், எல்.இ.டி. வந்தபின் அவரவர் சட்டை நிறம் தெரிகிறது. மழை பெய்த சாலையில் விளக்கின் பிரதிபலிப்பு நம்மை நோக்கி நீண்டு இறங்கும், விளக்கைவிட ஒரு படி மங்கலாக.

படம் முடிந்ததும் செல்போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வெயில் அப்போதும் தெரிந்தால் டோன் சரி. இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு, 1872-இல் பிரான்ஸின் லெ ஹாவ்ர் துறைமுகத்தை வைத்து பிரெஞ்சு ஓவியர் மோனே தீட்டிய சூரியோதயம். அந்த ஆரஞ்சுச் சூரியனைக் கறுப்பு வெள்ளையாக்கினால் வானத்தோடு கரைந்து ஏறத்தாழ மறைந்துவிடும். இரண்டுக்கும் வெளிச்ச அளவு கிட்டத்தட்ட ஒன்றே, நிறம்தான் வேறு. நிறத்தில் அது துடிப்பதுபோல் தெரிவதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அப்படி முயல ஆசைப்பட்டால், ஆரஞ்சையும் சாம்பல் நீலத்தையும் முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் தீட்டி, காய்ந்தபின் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துச் சரிபார்த்துவிட்டு நல்ல காகிதத்தில் கை வையுங்கள்.