முதலில் சான்றிதழைக் கேளுங்கள்

நான் மலேசியாவில் ஒரு கவுன்சலர், அதாவது மனநல ஆலோசகர். சுங்கை சிப்புட் ஊரிலிருந்து என்னிடம் வந்த ஓர் அம்மா கைப்பையிலிருந்து முதலில் எடுத்தது ஒரு ரசீது. 1,200 வெள்ளி (ரிங்கிட்). மகன் இறந்த பிறகு அவருக்குத் தூக்கமில்லை. ‘மனசை லேசாக்குகிறேன்’ என்று ஒருவர் முன்பணம் வாங்கியிருக்கிறார். மூன்றாவது வாரம், “இன்னும் அழுதால் பலன் கிடைக்காது” என்று அதட்டினாராம். (அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

“கவுன்சலர்னு போர்டு இருந்துச்சே மிஸ், செவுரு பூரா சர்டிபிகேட்டு!”

சுவரில் பார்க்க வேண்டியவை இரண்டுதான். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி, லெம்பாகா கவுன்சலர் என்ற கவுன்சலர் வாரியத்தில் பதிந்து, தொழில் செய்யும் உரிமமும் பெற்றவரே கவுன்சலர். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்று போட்டிருப்பார்கள். கே.பி. என்றால் பதிவு பெற்ற கவுன்சலர். இந்த பி.ஏ. பட்டப்படிப்பு அல்ல; ‘பெராக்குவான் அமாலான்’, அதாவது அந்த உரிமம். அதில் காலாவதித் தேதியையும் பாருங்கள். கேட்டால் கோபப்படுபவரிடம் உங்கள் துக்கத்தைச் சொல்லாதீர்கள்.

மருந்து தேவையா என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை; கவுன்சலர் மருந்து எழுத முடியாது. எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். தேவைப்பட்டால் அங்கிருந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். கோயிலுக்குப் போவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ மனநல உதவித் தொலைபேசி எண் 15555.

தோட்டத்து மக்களின் பெரிய பயம் வேறு. “இங்க சொன்னா கோயில் கமிட்டி வரைக்கும் போயிடுமே!” நியாயமான பயம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீட்டு இருமல் பத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: நான் சொல்வது யாருக்குத் தெரியும்? உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகளை அவரே விளக்க வேண்டும். தமிழ் பேசுவாரா என்றும் கேளுங்கள். ‘நெஞ்சு அடைக்குது’ என்பதை மலாயில் சொல்லித் திணறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை வந்தபோது, லெம்பாகா பட்டியலில் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டதாக அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வாசலில் நிற்கும் மகனின் மோட்டார் சைக்கிளைத் தினமும் காலையில் துடைத்து வைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.