சொல் விளக்கம்: ரேண்டம் – தற்செயலா, சமவாய்ப்பா?

விலங்குக் கூட்டங்களின் நகர்வைப் பற்றிப் படித்தால் 'ரேண்டம்' என்ற சொல் அடிக்கடி எதிர்ப்படும். அதைத் தமிழில் 'ஒழுங்கற்ற', 'தாறுமாறான' என்று எழுதிவிடுகிறோம். இந்தத் துறையில் அது பொருளையே கவிழ்த்துவிடும். ஏனென்றால், இங்கே ரேண்டம் ஒழுங்கைக் கெடுப்பதும் உண்டு, ஒழுங்கை உண்டாக்குவதும் உண்டு.

பழைய பிரெஞ்சில் 'ராந்தோன்' என்றால் பாய்ச்சல், கட்டற்ற வேகம். ஆங்கிலத்துக்குப் போன பிறகுதான் 'இலக்கில்லாமல்' என்ற பொருள் நிலைத்தது. கணிதத்தில் இதன் உறவுக்காரச் சொல் 'ஸ்டோகாஸ்டிக்'. அதன் மூலமான கிரேக்கச் சொல் 'ஸ்டோகோஸ்', குறிவைக்கும் இலக்கைக் குறித்தது. குறிபார்ப்பது ஊகிப்பதாகி, அப்புறம் நிகழ்தகவுக்கு வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ரேண்டம் 'சமவாய்ப்பு', இலங்கையில் 'எழுமாற்று'. இரண்டும் நல்ல சொற்கள். பேச்சு வழக்கில் இருப்பது 'தற்செயல்': தன் + செயல், தானாக நேர்வது. எதை எங்கே போடுவது என்பதை விலங்குகளை வைத்தே பார்த்துவிடலாம்.

ஹங்கேரிய இயற்பியலாளர் டாமாஷ் விச்செக்கும் சகாக்களும் 1995-இல் கூட்ட நகர்வுக்கு ஓர் எளிய கணித மாதிரியை வெளியிட்டார்கள். கூட்டத்தில் உள்ள ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்தாரின் சராசரித் திசையைப் பின்பற்றும். கூடவே கொஞ்சம் திசை பிசகும். பிசகு சிறிதாக இருந்தால் கூட்டம் ஒரே பக்கம் போகும், அளவு மீறினால் சிதறும். இங்கே ரேண்டம் கெடுக்கிற வேலையைத்தான் செய்கிறது.

கரிமீன்களிடம் கதை வேறு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விஷ்வேஷா குட்டல் குழுவினர் 15, 30, 60 மீன்கள் கொண்ட கூட்டங்களை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். சிறிய கூட்டமே கூடுதலாக ஒரே திசையில் நீந்தியது! அவர்கள் தரும் விளக்கம் இது: ஒரு மீன் எல்லாரையும் பார்த்துச் சராசரி எடுப்பதில்லை, யாரோ ஒரு மீனைப் பார்த்துத் திரும்புகிறது. அவ்வப்போது தன்போக்கிலும் திரும்புகிறது. 15 மீன்களில் எட்டு கிழக்கே, ஏழு மேற்கே போவதாக வைத்துக்கொள்வோம். கண்ணில் பட்டது எந்த மீன் என்பதைப் பொறுத்துக் கிழக்குப் பக்கச் சாய்வு கூடலாம், குறையலாம். கூட்டம் சிறியது என்பதால் ஒரு மீன் திரும்பினாலே மொத்தச் சாய்வு சட்டென்று மாறும். இரண்டு மூன்று மீன்கள் ஒரே பக்கம் திரும்பிவிட்டால் கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போய்விட இடமுண்டு. 60 மீன்களில் ஒன்றின் திருப்பம் பெரிதாகத் தெரியாது. தன்போக்கில் திரும்புகிறவை கூட்டத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கும்.

பாலைவன வெட்டுக்கிளிகள் பற்றிய 2009 ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கூட்டத்தின் திசை ஒற்றுமை குறையும்போது வெட்டுக்கிளிகளின் நடையில் தற்செயல் கூடுகிறது, அதுவே மறுபடி ஒன்றுசேர உதவுகிறது என்கிறது.

சரி, எந்தச் சொல்? எந்த மீனைப் பார்த்துத் திரும்புவது என்பதில் எல்லா மீனுக்கும் ஒரே வாய்ப்பு என்று கொள்ளும்போது 'சமவாய்ப்புத் தேர்வு' கச்சிதம். திசை பிசகுவதற்கு அது பொருந்தாது. சின்னப் பிசகும் பெரிய பிசகும் சம அளவில் நேர வேண்டியதில்லை. அங்கே 'தற்செயல் விலகல்'. இப்படிப்பட்ட தற்செயல் மாற்றங்களை ஆய்வாளர்கள் 'நாய்ஸ்' என்கிறார்கள், அதைச் சிலர் 'இரைச்சல்' ஆக்குகிறார்கள். மீன் ஆய்வில் அப்படி எழுதினால் தண்ணீருக்குள் ஏதோ சத்தம் என்றுதான் வாசகர் நினைப்பார். 'தற்செயல் ஏற்றத்தாழ்வு' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.