முகப்பில் வருகிறது, அடுப்படியில் நிற்கிறது

கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "200 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டிருக்கிறோம். முகப்பில் உட்கார்ந்தால் சிங்கப்பூரில் இருக்கிற பேரன் பளிச்சென்று தெரிகிறான். பேசிக்கொண்டே அடுப்படிக்குப் போனால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. கம்பெனியை மாற்றிவிடலாமா?"

மாற்ற வேண்டாம் ஆச்சி. முகப்புவரை நன்றாக வருகிறது என்றால் கம்பெனி தன் வேலையைச் செய்துவிட்டது. மிச்ச வழியை மறிப்பது உங்கள் வீட்டுச் சுவர்.

புதிதாக இணைப்பு எடுக்கப்போகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. தெருவுக்கு ஃபைபர் வந்திருந்தால் அதையே எடுங்கள். டவரிலிருந்து வரும் 5ஜி பெட்டியும் நல்லதுதான், ஆனால் அந்த டவரைச் சுற்றுவட்டாரமே பங்கு போட்டுக்கொள்கிறது. அப்புறம் வேகம். வீடியோவில் பேச 4 எம்பிபிஎஸ் போதும். எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு, எம்பி என்பது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 எம்பி இறங்கும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு அது தாராளம்.

சரி, நெட்டை ஒளியாகக் கொண்டுவரும் அந்த ஃபைபருக்குள், அதாவது கண்ணாடி இழைக்குள், என்னதான் நடக்கிறது?

சின்ன வயதில் ஊருணியில் முங்கி, தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து மேலே பார்த்திருக்கிறீர்களா? தலைக்கு நேர் மேலே வட்டமாக வானம் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோல மின்னும், ஊருணியின் அடிப்பகுதியே அதில் பிரதிபலிக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த முழு அக எதிரொளிப்பு இதுதான். அடர்த்தி மிகுந்த ஊடகத்திலிருந்து வரும் ஒளி, எல்லையை மிகவும் சாய்வாகத் தொட்டால் வெளியேற முடியாமல் மொத்தமும் உள்ளேயே திரும்புகிறது.

'மொத்தமும்' என்பதுதான் இங்கே முக்கியம். நம் வளவுகளில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். நல்ல வெள்ளிப் பூச்சுகூடத் தன்மேல் விழும் ஒளியில் 95 சதவீதம் அளவுக்குத்தான் திருப்பி அனுப்பும். 5 சதவீதம் போவது பெரிதாகத் தோன்றாது. ஆனால் 20 முறை பட்டுத் திரும்பினால் 36 சதவீதம்தான் மிஞ்சும். 100 முறை பட்டால் ஒரு சதவீதம்கூட மிஞ்சாது. வெள்ளி பூசிய குழாய்க்குள் ஒளியை விட்டால் தெருக்கோடிக்குள் அணைந்துவிடும். கண்ணாடி இழையிலோ பூச்சே கிடையாது. நடுவில் 9 மைக்ரான் தடிமனில் ஒரு கண்ணாடி (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), அதைச் சுற்றி, ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் அரை சதவீதத்துக்கும் குறைவாக மட்டுமே மாறுபடும் இன்னொரு கண்ணாடி. இரண்டும் சேர்ந்து 125 மைக்ரான். இந்த மயிரிழை வித்தியாசத்தை நம்பித்தான் ஒளி ஓடுகிறது. 15 கிலோமீட்டர் போன பிறகும் ஏறக்குறைய பாதி மிஞ்சியிருக்கிறது. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

1966-இல் இப்படிப்பட்ட கண்ணாடி கிடையாது. அன்றைய நல்ல கண்ணாடியில் 20 மீட்டர் போவதற்குள் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆய்வகத்தில் இருந்த சார்லஸ் காவ், குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் இரும்பு போன்ற அசுத்தங்களில் இருக்கிறது என்றார். நாலே ஆண்டுகளில், 1970-இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அவர் சொன்ன அளவுக்குத் தூய இழையைச் செய்துவிட்டது. நோபல் பரிசு அவருக்கு 2009-இல்தான் வந்தது. ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பணம் நாளைக்கே திரும்பி வர வேண்டும் என்று நினைக்கக் கூடாது என்பேன். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். அந்த மனசு அரசுகளுக்கும் வர வேண்டும்.

இப்போது ஆச்சியின் அடுப்படிக்கு வருவோம். முகப்பில் உள்ள பெட்டியோடு ஒளியின் பயணம் முடிகிறது. அதன் பிறகு வைஃபை, அதாவது ரேடியோ அலை. கனத்த செங்கல் சுவர் அதை உறிஞ்சும், வெள்ளி பூசிய கண்ணாடி திருப்பி அடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சீக்கிரம் தளர்ந்துவிடும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நம் செட்டிநாட்டு வீடுகளில் ஒரு வசதி உண்டு. தலைவாசலில் நின்றால் பின்கட்டு வாசல்வரை நேர்கோட்டில் தெரியும். அந்தக் கோட்டிலேயே ரவுட்டரை வைத்துக் கதவுகளைத் திறந்து வைத்தால் முற்றங்கள் வழியாக அலை தாராளமாகப் போகும்.

இதைவிட நல்ல வழி, ஃபைபரையே இரண்டாங்கட்டுக்கு இழுத்துவிடுவது. 40 மீட்டர் கூடுதலாக ஓடுவது ஒளிக்கு ஒரு பொருட்டே இல்லை. வளைவில்தான் கவனம் வேண்டும். எங்கள் வீட்டில் நிலைப்படியில் இருந்த ஆணியில் மஞ்சள் வயரை ஒடுக்கிச் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு வாரம் நெட் வந்து வந்து போனது. சரிபார்க்க வந்த தம்பி, பேனா மாதிரி ஒரு சிவப்பு விளக்கை வயரின் முனையில் செருகினார். வயர் நெடுகிலும் இருட்டு, அந்த ஆணியில் மட்டும் கங்கு போலச் சிவப்பு கசிந்தது. வளைவில் கோணம் மாறிவிட, ஒளி வெளியே வழிவதை நேரில் பார்த்தேன். ஆணியிலிருந்து எடுத்து அகலமாகச் சுற்றியதும் கசிவு நின்றது.

ஆகவே ஆச்சி, வயரைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குறையாமல் சுற்றச் சொல்லுங்கள். இடம் மாற்றுவதற்கு முன் ஒரு தடவை, மாற்றிய பின் ஒரு தடவை, "பவர் எவ்வளவு தம்பி?" என்று கேளுங்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி ஓர் எண் சொல்வார். 3 குறைந்தால், அதாவது மைனஸ் 20 மைனஸ் 23 ஆனால், ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம், மைனஸ் 27-ஐத் தாண்டினால் பெட்டி திணறும். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்த பிறகு கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.