விஷிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

'விஷிங்' என்று முதலில் காதில் விழுந்தபோது, போலி மின்னஞ்சல் அனுப்பி ஏமாற்றும் 'ஃபிஷிங்'கை யாரோ தப்பாக உச்சரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை, இது தனிச்சொல். வாய்ஸும் ஃபிஷிங்கும் ஒட்டியது. போனில் பேசியே கடவுச்சொல்லையோ பணத்தையோ கறந்துவிடுவது. அதையே குறுஞ்செய்தியில் செய்தால் ஸ்மிஷிங்.

தாய்ச்சொல்லான ஃபிஷிங், 1990களின் நடுவில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவையின் கணக்குகளைத் திருடியவர்களிடையே புழங்கத் தொடங்கியது. மீன்பிடிப்பதுதான், ஆனால் ஆங்கிலத்தில் எஃப் போடாமல் பிஎச் போட்டு எழுதுவார்கள். 1970களில் 'போன் ஃப்ரீக்' என்றொரு கூட்டம் இருந்தது, 2600 ஹெர்ட்ஸ் சீழ்க்கை ஒலியை லைனில் அனுப்பி அமெரிக்கத் தொலைபேசி வலையமைப்பையே ஏமாற்றி ஓசியில் வெளியூர் பேசியவர்கள். அவர்கள் ஃப்ரீக்கை பிஎச் போட்டு எழுதினார்கள், அதுதான் ஃபிஷிங்குக்கும் ஒட்டிக்கொண்டது என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், சொல் மறுபடி போனுக்கே திரும்பி விஷிங் ஆனபோது போனிலிருந்து வந்த அந்த பிஎச் மட்டும் கழன்றுவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். 'தொலைபேசி மோசடி' தப்பில்லை, ஆனால் அது ரொம்ப அகலம். ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் செய்து, நாம் திருப்பிக் கூப்பிட்டால் அதிகக் கட்டண எண்ணில் காசை இழுக்கும் 'வாங்கிரி'யும் அதில் அடங்கிவிடும். அங்கே யாரும் நம்மிடம் பேசி மயக்குவதில்லை. விஷிங்கில் பேச்சுதான் எல்லாமே.

என் ஓட்டு 'குரல் தூண்டில்'. தூண்டில் வள்ளுவரிடமே இருக்கும் சொல். 931ஆம் குறளில், சூதில் வெல்வது 'தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று' என்கிறார். அங்கே பொன் தங்கமில்லை, இரும்பு. இரையென்று நினைத்து மீன் விழுங்கும் முள். 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, கட்டணம் மட்டும் கட்டுங்க' என்று வரும் அழைப்புக்கு அப்படியே பொருந்துகிறது. அதோடு தூண்டில் என்றதும் 'தூண்டு' காதில் விழுகிறது பாருங்கள், ஆங்கிலச் சொல்லில் இது இல்லை. ஆசையைத் தூண்டுவது, பயத்தைத் தூண்டுவது, எல்லாவற்றுக்கும் மேலே அவசரத்தைத் தூண்டுவது.

எனக்கே வந்தது ஒன்று. என் கார்டின் கடைசி நான்கு இலக்கங்களை அந்த ஆளே சொன்னார், அதனால் நானும் பாதி நம்பிவிட்டேன். இன்னும் பத்து நிமிடத்தில் கார்டு முடங்கிவிடும், இப்போது ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றார். 'லைன்லயே இருங்க சார், கட் பண்ணிடாதீங்க' என்று மூன்று தடவை. கார்டின் பின்னால் இருக்கும் நம்பருக்கு நானே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றதும் குரல் மாறிவிட்டது: 'அப்போ பணம் போனா எங்களைக் கேக்காதீங்க.' முள் தெரிந்தது அந்த இடத்தில்தான். நிஜமான வங்கிக்காரர் நாம் போனை வைப்பதற்குப் பயப்பட மாட்டார், ஓடிபியும் கேட்க மாட்டார்.

திரையில் வங்கியின் எண்ணே தெரிந்தாலும் அது சாட்சியாகாது, அழைக்கும் எண்ணைப் பொய்யாகக் காட்ட முடியும். குரலும் அப்படித்தான் ஆகிவிட்டது. கொஞ்சம் ஒலிப்பதிவு கிடைத்தால் போதும், சொந்த மகனின் குரலையே செயற்கையாகச் செய்து 'மாட்டிக்கிட்டேன், உடனே பணம் அனுப்பு' என்று அழவைக்கலாம். போனை வைத்துவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நாமே கூப்பிடுவதுதான் வழி. அப்புறம், திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னால் மேற்கொண்டு ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம்.

புழக்கத்தில் எப்படி இருக்கும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன்: 'அது பேங்க் இல்லம்மா, குரல் தூண்டில். வெச்சிடும்மா.' நாக்கில் உறுத்தவில்லை. அம்மாவுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.