புசல்: மரக்காலா, எடைக்கல்லா?

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த இரண்டு வாரத்துக்குள், 2022 மார்ச்சில், சிகாகோ சந்தையில் கோதுமை 12 டாலரைத் தாண்டியது. எவ்வளவு கோதுமைக்கு 12 டாலர்? கிலோவுக்கு அல்ல, குவிண்டாலுக்கும் அல்ல. ஒரு புசலுக்கு. தானியம் அளக்கும் இந்த அலகின் பெயர் பிடிபடாமல் உலகத் தானியச் சந்தைச் செய்தி எதுவும் பிடிபடாது.

ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'பொய்சல்' என்பது தானியம் அளக்கும் பாத்திரம். அதற்கும் அடியில் 'உள்ளங்கை' என்று பொருள்படும், பண்டைய பிரான்சில் பேசிய காலிய (Gaulish) மொழிச் சொல் ஒன்று இருக்கலாம் என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். நாம் 'ஒரு சிறங்கை அரிசி' என்று அள்ளிப்போடுகிறோமே, அந்தக் கைதான்.

பாத்திரத்தால் அளப்பதில் சிக்கல் உண்டு. கோபுரமாகக் குவித்தால் ஓர் அளவு, தலைதட்டினால் வேறோர் அளவு. பதரும் ஈரமும் பாத்திரத்தை நிறைக்கும், மாவு மிஞ்சாது. சிகாகோ தானியச் சந்தையான சிகாகோ வணிகர் கழகம் தொடங்கியது 1848இல். ரயிலில் வந்து குவிந்த தானியத்தைப் பாத்திரம் பாத்திரமாக அளந்து மாளாது என்பதால், 1850களில் அங்கே புசல் எடையானது. கோதுமை, சோயா என்றால் 60 பவுண்டு, அதாவது 27.2 கிலோ. மக்காச்சோளம் 56 பவுண்டு, 25.4 கிலோ. ஓட்ஸ் 32 பவுண்டுதான். பெயர் ஒன்று, எடை பயிருக்குப் பயிர் வேறு.

விலையை ஒப்பிடுகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். கோதுமையும் மக்காச்சோளமும் புசலுக்கு 6 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டன் கணக்கில் பார்த்தால் கோதுமை சுமார் 220 டாலர், மக்காச்சோளம் 236 டாலர். பாரிஸ் சந்தை டன்னுக்கு யூரோவில் விலை சொல்கிறது. அதோடு சிகாகோவை ஒப்பிட, கோதுமை விலையை 36.74ஆலும் மக்காச்சோள விலையை 39.37ஆலும் பெருக்கி (ஒரு டன்னில் அத்தனை புசல்), பிறகு டாலரை யூரோவாக மாற்ற வேண்டும். சிகாகோவில் வாங்கி விற்கும் ஓர் ஒப்பந்தம் 5,000 புசல். கோதுமையில் அது 136 டன்.

தமிழில் என்ன சொல்வது? 'மூட்டை' என்று எழுதுவது தவறு. புசல் சாக்கில் கட்டிய சரக்கு அல்ல. விளக்கைக் கொளுத்திப் பாத்திரத்தால் மூடிவைக்க மாட்டார்கள் என்ற விவிலிய வாக்கியத்தில், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு 'புசல்' என்கிறது, தமிழ் மொழிபெயர்ப்பு 'மரக்கால்' என்கிறது. அழகான தேர்வு. 8 காலன் ஒரு புசல், 8 படி ஒரு மரக்கால் என்று வாய்பாடும் ஒத்துவருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரையே சூடிய மரக்கால் வருகிறது. அதற்கும் முந்திய சொல் அம்பணம்: சிலப்பதிகாரத்து மதுரைக் கூல (தானிய) வீதியில் துலாக்கோலோடும் அம்பணத்தோடும் ஆட்கள் திரிகிறார்கள். உலகக் கூல வணிகத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இந்தச் சொற்களை மறக்கலாகாது.

ஆனால் அளவு ஒத்துவராது. பழைய சென்னை மரக்கால் 12 லிட்டருக்குச் சற்று மேல். அமெரிக்கப் புசல் 35 லிட்டருக்குச் சற்று மேல். ஏறக்குறைய மூன்று மரக்கால், பதக்குக்கும் (2 மரக்கால்) தூணிக்கும் (4 மரக்கால்) நடுவில் நிற்கிறது. ஆகவே பாத்திரத்தைச் சொல்லும் இடத்தில் மரக்கால் என்றும், சந்தை விலையில் புசல் என்றும் எழுதுவதே சரி என்பேன். புசல் ஒன்றும் புதிய இறக்குமதியும் அல்ல. இலங்கைத் தமிழ் விவசாயிகள் 'ஏக்கருக்கு இத்தனை புசல் நெல்' என்றே விளைச்சல் சொல்கிறார்கள். அந்த நெற்புசல் ஏறக்குறைய 21 கிலோ. அதனால் கோதுமைப் புசல், மக்காச்சோளப் புசல், நெற்புசல் என்று பயிரின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.