சுவரும் மண், பூவும் மண்

மண்சுவரில் மாட்டும் செராமிக் பூவை, அதாவது சுட்ட மண்பூவை, பார்ப்பதற்கு முன் ஒரு சுவரைப் பார்ப்போம். ஜப்பானில் கியோத்தோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே, யமசாகியில் உள்ள மியோகி-ஆன் கோயிலில் ‘தாய்-ஆன்’ என்றொரு தேநீர் அறை இருக்கிறது. இரண்டே பாய் விரிக்கும் இடம்; 40 சதுர அடிகூட வராது. 16ஆம் நூற்றாண்டில் தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூ அமைத்தது என்பார்கள். சுவர் வெறும் மண்பூச்சு. கலந்த வைக்கோல் துணுக்குகள் அப்படியே வெளியே தெரியும். ‘தோகோனோமா’ என்கிற மாடத்தில் மூலைகளையும் மண்ணால் மெழுகி உருட்டிவிட்டிருக்கிறார்கள். அரையிருட்டில் பார்த்தால் சுவர் எங்கே முடிகிறது என்று தெரியாது.

அந்த மாடத்தில் வைப்பது அந்தந்தப் பருவத்தின் நிஜப்பூ. சுவரிலோ தூணிலோ அடித்த ஆணியில் சிறு குடுவையைத் தொங்கவிட்டு, ஒன்றிரண்டு பூவைச் செருகுவார்கள். செராமிக் பூவையே சுவரில் பதிப்பது நம் காலத்துப் பழக்கம். மரபு என்று சொல்லி விற்றால் நம்பவேண்டாம். ஆனாலும் மண்பூச்சுச் சுவரில் கையால் செய்த மண்பூ பொருந்தாமல் போவதில்லை. இரண்டும் ஒரே பொருள். ஒன்று தீயைப் பார்க்காதது, மற்றது பார்த்தது.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது? மண்சுவரில் தண்ணீர் ஊற்றினால் சேறாகும். சுட்ட இதழைத் தண்ணீரில் ஒரு வருடம் போட்டு வைத்தாலும் இதழாகவே இருக்கும். களிமண்ணின் முக்கியக் கனிமமான கயோலினைட், எடையில் சுமார் 14 சதவீத நீரைத் தன் படிகத்துக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறது. வெயிலில் காய்வது இந்த நீர் அல்ல. அது துகள்களுக்கு இடையே நிற்கும் ஈரம், தொட்டாலே தெரியும். படிகத்துக்குள் இருப்பது சூளையில் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் கழன்று ஆவியாகத் தொடங்கும். 600 டிகிரிக்குள் பெரும்பகுதி போய்விடும். அதோடு பழைய படிக அடுக்கு குலைகிறது. பிறகு எத்தனை குடம் ஊற்றினாலும் அது குழையும் களிமண்ணாகத் திரும்பாது.

இந்தப் பயணத்தில் மெல்லிய இதழ் தப்பிப்பதுதான் வித்தை. நெல்லிக்காய் அளவு மண்ணை உருட்டி, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தட்டையாக்குவோம். நடு கனமாகவும் ஓரம் அப்பளம்போல மெல்லிதாகவும் வரும். ஓரம் முதலில் காயும். ஈரம் போனதும் துகள்கள் நெருங்கும், ஓரம் சுருங்கும், நடு இன்னும் சுருங்கியிருக்காது. அந்த இழுபறியில் இதழ் வளையும், அல்லது ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். அதனால்தான் ஈரத்துணியோ பாலித்தீனோ போர்த்தி இரண்டு மூன்று நாள் ஆறப்போடுகிறார்கள். காய்வதிலும் சுடுவதிலுமாகச் சேர்ந்து 12 சதவீதம் சுருங்கும் மண் என்றால், 10 சென்டிமீட்டர் இதழ் 8.8 ஆகத்தான் வெளியே வரும். பின்பக்கம் ஆணிக்கான துளையையும் அந்தக் கணக்கில் பெரிதாகவே போடவேண்டும். மறந்தவர்கள் பிறகு ஆணியைத் தேடி அலைவார்கள்.

நான் முதலில் செய்த பூவில் இதழெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நடுமொட்டை மட்டும் கெட்டி உருண்டையாக வைத்துவிட்டேன். வெளியே காய்ந்தது, உள்ளே ஈரம் நின்றது. தண்ணீர் 100 டிகிரியில் நீராவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். கெட்டி உருண்டைக்குள் அதற்கு ஏது இடம்? சூளையைத் திறந்தபோது மொட்டு இருந்த இடத்தில் குழி. தெறித்த சில்லு ஒன்று பக்கத்தில் இருந்தவரின் கிண்ணத்தில் விழுந்து கிடந்தது. மொட்டின் பின்பக்கத்தைக் குடைந்துவிடவேண்டும் என்பது அன்று கற்றது.

573 டிகிரியில் இன்னொரு கண்டம். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் அங்கே தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று பருக்கும். ஆறும்போது அதே புள்ளியில் சட்டென்று சுருங்கும். அவசரமாகக் குளிரவிட்ட சூளையில் விரிசல் விழுவது பெரும்பாலும் இங்கேதான். அதையும் தாண்டி 1,200 டிகிரிக்கு மேல் போனால், மண்ணில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் உருகிப் பாகுபோல இடைவெளிகளை நிரப்பும். பீங்கானின் உறுதி அதில்தான். இதழ் தன் எடையிலேயே தொய்வதும் அப்போதுதான். கைப்பழக்கம் உள்ளவர்கள் வேண்டிய சாய்வைவிடக் கொஞ்சம் நிமிர்த்தியே இதழை வைத்து, மீதியைத் தீயிடம் விட்டுவிடுவார்கள்.

மேலே பூசும் கிளேஸ் உண்மையில் மெல்லிய கண்ணாடிப் படலம். உருகும்போது பரப்பு இழுவிசை அதைக் கூர்மையான ஓரத்திலிருந்து பின்னுக்கு இழுக்கும். ஓரத்தில் மண்ணின் நிறம் கோடு போட்டதுபோல எட்டிப்பார்க்கும். ஊசியால் கீறிய நரம்புப் பள்ளங்களில் கிளேஸ் தேங்கி நிறம் அடர்ந்து நிற்கும். நரம்பைத் தூரிகையால் வரைந்ததாக நினைப்பவர்கள் உண்டு. அங்கே வரைந்தது ஈர்ப்பும் வெப்பமும்.

பளபள கிளேஸா, பளபளப்பில்லாத ‘மேட்’ கிளேஸா? என் ஓட்டு மேட்டுக்குத்தான், அதற்கு ஒரு காரணமும் உண்டு. கண்ணாடிப் பரப்பு நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வழவழப்பான இதழில் அந்த 4 சதவீதமும் ஒரே திசையில் கிளம்பி, ஜன்னலின் குட்டிப் பிம்பமாகக் கண்ணில் குத்துகிறது. மேட் கிளேஸில் மெல்ல ஆறும்போது நுண்படிகங்கள் முளைத்துப் பரப்பு சொரசொரக்கும்; அதே ஒளி எல்லாத் திசையிலும் சிதறிவிடும். மண்சுவரும் ஒளியை அப்படித்தான் சிதறடிக்கிறது.

அறையின் அமைதியில் பாதி நிழலின் கணக்கு. இதழ் சுவரிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். நேரடி வெயிலில் அதன் நிழலோரத்தின் மங்கல், அதாவது புறநிழல், சுமார் 0.3 மில்லிமீட்டர், கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். 2 மீட்டர் தூரத்தில் 90 சென்டிமீட்டர் அகல ‘ஷோஜி’ காகிதத் தட்டியின் வழியே ஒளி வந்தால், காகித நார்கள் அதைச் சிதறடித்து, தட்டி முழுவதையுமே விளக்காக்கிவிடும். புறநிழல் 1.3 சென்டிமீட்டருக்குமேல் போய், நிழல் சுவருக்குள் கரையும். பூவுக்கு நேர்மேலே ஸ்பாட்லைட் போடுபவர்கள் இதைத்தான் கெடுக்கிறார்கள். இருபது பூவை வரிசையாக அடிப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

சுட்ட மண்ணுக்கும் நீருக்கும் உள்ள உறவு முழுதாக அறுவதில்லை. முழுக்கக் கண்ணாடியாகாத, நுண்துளை உள்ள மண் காற்றின் ஈரத்தை மிக மெல்ல மீண்டும் தன் அமைப்புக்குள் இழுத்துக்கொள்ளும். எடை காலத்தின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப, அதாவது போகப்போக மெதுவாக, கூடும் என்பதை வைத்துப் பழைய செங்கல்லின் வயதைக் கணிக்கும் முறையை மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டார்கள். நீரை உள்வாங்கும் மண் இம்மி அளவு வீங்கும். மேலே ஒட்டிய கிளேஸ் நீட்டிப்பைத் தாங்காது. வலைபோல விரிசல் விடும். ஜப்பானியர்கள் ‘கன்ன்யூ’ என்று ரசிப்பது இதுபோன்ற கிளேஸ் விரிசலைத்தான். சூளையிலிருந்து எடுத்த சில மணி நேரத்தில், ஆறும் கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்கி விரிசல் விடும் சத்தம் அடிக்கடி கேட்கும். ஆனால் சுவரில் மாட்டிச் சில வருடம் கழித்தும், வீட்டில் எல்லோரும் தூங்கியபின், பூவிலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரலாம்.